பதினோராம் முள்

ஆண்டாயி ஓடி வந்த வேகத்தைப் பார்த்து, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் வெற்றிச்செல்வி நினைத்தாள். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்கக்கூட மறந்து வாசலுக்கு வந்தாள். நாலு வீடு தள்ளி இருக்கிற ஆண்டாயி அவளுக்கு அத்தை முறை. களையெடுப்புக்குப் போனால் முதல் ஆளாக வரப்பில் இறங்குகிற பொம்பளை, சுலபத்தில் பதறுகிறவள் கிடையாது. இப்போது மார்போடு ஒரு கூடையை அணைத்துக்கொண்டு, அதன் மேல் பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டு, மூச்சு வாங்க நின்றாள்.

"நாய் கவ்விட்டுப் போயிடுச்சு புள்ள. றெக்கதான் கெடக்கு."

அடையில் உட்கார்ந்திருந்த கோழியைத்தான் சொன்னாள். சேலையை விலக்கினால் உமிமேல் முட்டைகள். வெற்றிச்செல்வி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு ஆறவில்லை.

"வேற யார் வூட்டுக் கோழியாச்சும் அடையில இருந்தா அதுக்கடியில வெச்சிடலாமே அத்த."

"தெருப்பூரா கேட்டுட்டேன். ஒண்ணுகூட இல்ல. உன் பிரிட்ஜ்ல வைய்யி."

வெற்றிச்செல்வி ஓரடி பின்வாங்கினாள். காரணம் இல்லாமல் இல்லை. அந்த பிரிட்ஜ் ஓடாமல் போன பழைய பிரிட்ஜ். பெரம்பலூரில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்துவிட்டு, அரியலூரில் சிசிடிவி கேமரா மாட்டுகிற கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், கடையில் யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் அட்டையை எடுத்து வந்து, அந்த பிரிட்ஜைக் குஞ்சு பொரிக்கிற பெட்டியாக மாற்றியிருந்தாள். இரண்டு தடவை முட்டை வைத்தாள். இரண்டு தடவையும் ஒரு குஞ்சுகூட வரவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? "பிரிட்ஜ்ல வெச்சு முட்டை அவிக்கிற ஒரே ஆளு நம்மூர்லதான் இருக்கு" என்று பைப்படியில் பேசிச் சிரித்தார்கள். டிப்பர் லாரி ஓட்டுகிற அவள் புருஷன் ராஜாகூட, "கேஸ் மிச்சம்தானே" என்றான். அன்று அவனுக்குச் சோறு தாமதமாகத்தான் கிடைத்தது.

"வேணாம் அத்த. எனக்கே இன்னும் நம்பிக்கை வரல. கெட்டுப்போச்சுன்னா?"

"இப்ப மட்டும் நல்லாவா இருக்கு?" என்றாள் ஆண்டாயி. அதோடு நிறுத்தியிருந்தால் வெற்றிச்செல்வி முடியாது என்றே சொல்லியிருப்பாள். ஆனால் அந்தப் பொம்பளை கூடையை விடாமல் நின்றபடி சொன்னாள். "மீன்சுருட்டியிலேருந்து கண்ணாலம் பண்ணிட்டு வரப்ப எங்கம்மா ஒரு கூடையில புள்ளிக்கோழி குடுத்துவுட்டுச்சு. அதோட மக, மகளோட மகன்னு இதுவரைக்கும் விடாம வந்தது இது ஒண்ணுதான். அம்மா போயிடுச்சு. இருந்த வூட்டையும் அண்ணனும் தம்பியும் வித்துட்டு ஆளுக்கொரு தெசையில போயிட்டானுவ. எனக்கு எங்கம்மா வூடுன்னா இப்ப இந்தக் கூடைதான் புள்ள."

இதைக் கேட்ட பிறகு யாரால் மறுக்க முடியும்? வெற்றிச்செல்வி வாயைக் கொப்பளித்துவிட்டுக் கூடையை வாங்கினாள்.

முட்டைகளை அடுக்கி பிரிட்ஜ் கதவைச் சாத்தினதும் ஆண்டாயி சுற்றிச் சுற்றி வந்தாள். கதவில் கண்ணாடி வைத்த சின்னத் துவாரம் வழியாகப் பார்த்தால் உள்ளே பல்பு எரிகிறது, காத்தாடி ஓடுகிறது, தட்டு மெதுவாகச் சாய்ந்து முட்டையைப் புரட்டுகிறது. எல்லாம் சரி, ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகம்.

"இதுல கோழி எது? பல்பா?"

"பல்பு வெறும் சூடுதான் அத்த. எப்போ சூடு குடுக்கணும், எப்போ நிறுத்தணும்னு தெரிஞ்சது இதுதான்." பிரிட்ஜ் தலைமேல் இருந்த பச்சை அட்டையைக் காட்டினாள் வெற்றிச்செல்வி. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். மூலையில் ஒரு விளக்கு மினுக்மினுக்கென்று இமைத்தது. ஓரத்தில் இரண்டு வரிசையாக முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. "ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு நம்பர் இருக்கு. பதினோராம் முள்ளைப் பார்த்து 'எழுந்திரு'ன்னு என் புரோகிராம் சொன்னா, பக்கத்துல இருக்கற இந்த ரிலே சுச்சு டிக்னு அடிச்சு பல்பு எரியும். 'உக்காரு'ன்னா அணைஞ்சிடும். இந்த முள்ளு காத்தாடிக்கு, இது பொரட்டற மோட்டாருக்கு. இது உள்ள எவ்வளவு சூடுன்னு கேட்டுச் சொல்லும். முப்பத்தேழரை டிகிரிக்குக் கீழ போனா பல்பைப் போடும், மேல போனா நிறுத்தும். ராத்திரி பகல் தூங்காது. இதான் அத்த அடையில உக்காந்திருக்கற கோழி."

ஆண்டாயி அந்த அட்டையை மரியாதையாகப் பார்த்தாள். "தண்ணி கிண்ணி வெக்கணுமா?"

"அதெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு, கதவைத் தொறக்கவே கூடாது. தொறந்தா சூடு போயிடும்."

"செத்தாலும் தொறக்க மாட்டேன்," என்றாள் ஆண்டாயி. அவள் சொன்னால் சொன்னதுதான்.

அன்றிலிருந்து வேலையில்லாத பொழுதெல்லாம் ஆண்டாயி வந்து பிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். வெற்றிச்செல்விக்கும் அது தோதாகப் போயிற்று. காலையில் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவாள். அட்டைக்கு மூடி ஒன்று போடவேண்டும், முள்ளில் பற்றவைத்த ஒயர்கள் வெறுமனே கிடக்கின்றன என்று தினமும் நினைப்பாள். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

ஐப்பசி மாதம், மத்தியானத்தில் வானம் கருகருவென்று ஏறிக்கொண்டு வரும். அன்றைக்கும் அப்படித்தான். கடையில் ஒரு கேமராவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது வெற்றிச்செல்வியின் போன் கீங் கீங் என்று கத்தியது. சூடு குறைந்தால் எச்சரிக்கை அனுப்பும்படி அவளே எழுதிவைத்தது. முப்பத்தாறு என்று காட்டியது. சரி, ஏறிவிடும் என்று பார்த்தால் முப்பத்தஞ்சரை, முப்பத்தஞ்சு.

போனிலிருந்தே வீட்டு அட்டைக்குள் நுழைந்தாள். கரண்ட் இருக்கிறது, புரோகிராம் ஓடுகிறது, பதினோராம் முள்ளை எழுந்திரு எழுந்திரு என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. புரோகிராமில் பல்புப் பகுதியை மட்டும் நிறுத்திவிட்டுத் தன் கையாலேயே கட்டளை அடித்தாள்: ஒன்று, அதாவது எழுந்திரு. உடனே அந்த முள்ளின் நிலை என்ன என்று திருப்பிக் கேட்டாள். பூஜ்யம், உட்கார்ந்தே இருக்கிறேன் என்றது. மறுபடி ஒன்று என்று அடித்தாள். பூஜ்யம். அட சண்டாளா! எழுந்திருக்கச் சொன்ன ஆளை யாரோ தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தால்தான் இப்படி ஆகும். பக்கத்திலிருக்கிற எர்த் முள்ளோடு அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரும்போ ஒயரோ, ஏதோ ஒன்று நடுவில் கிடக்கிறது. இங்கிருந்து என்ன கட்டளை போட்டும் பிரயோசனம் இல்லை.

ஆண்டாயிக்குப் போன் அடித்தாள். "அத்த, நம்ம வூட்லதான இருக்கீங்க? அட்டை மேல ஏதாச்சும் விழுந்து கெடக்கா பாருங்க. பல்லி, எலி, எதாச்சும்?"

"ஒண்ணும் விழல புள்ள. எல்லாம் நல்லா இருக்கு. ஆனா உள்ள பல்பைத்தான் காணோம்."

வெற்றிச்செல்வி கேமராவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். கடைக்காரர் சாமிதுரையிடம் போய், "சார், முட்டை குளிருது, நான் கெளம்பறேன்" என்றாள். அவர் இதுவரை எத்தனையோ காரணம் சொல்லி லீவு கேட்டவர்களைப் பார்த்திருக்கிறார், இதைக் கேட்டதில்லை. வாயைத் திறந்தபடியே தலையாட்டினார். ஓட்டமும் நடையுமாக பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கிளம்பிக்கொண்டிருந்த செந்துறை பஸ்ஸைத் தட்டி நிறுத்தி ஏறினாள். சூடு முப்பத்துமூன்றுக்கு வந்திருந்தது.

உட்கார இடம் கிடைத்ததும் திரும்ப அடித்தாள். "அத்த, நான் சொல்றதைக் கேளுங்க. ரிலே டப்பாவுல பல்போட மஞ்ச ப்ளக் ஒண்ணு சொருகியிருக்கும். அதை உருவுங்க."

"கரண்டுடி! நான் தொட மாட்டேன்."

"ப்ளாஸ்டிக்கைப் புடிச்சு உருவுனா ஒண்ணும் செய்யாது. உருவி சுவத்துல இருக்கற ப்ளக்குல சொருகி சுச்சைப் போடுங்க. சீக்கிரம் அத்த, முட்டை குளுந்துக்கிட்டே போவுது!"

அந்தப் பக்கம் "மாரியாத்தா, மாரியாத்தா" என்று சத்தம். அப்புறம் ஒரு டப். "எரியுது புள்ள! எரியுது!"

சூடு ஏறத் தொடங்கியது. ஆனால் விட்டு வைத்தால் ஏறிக்கொண்டே போகும். குளிரைக்கூட முட்டை கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். சூடு தாண்டினால் நிஜமாகவே அவிந்துவிடும். வெற்றிச்செல்வி ஒரு கண்ணைப் போன் திரையில் வைத்தாள். "போனை வெச்சிராதீங்க அத்த. நான் போடுன்னா போடுங்க, அணைன்னா அணைங்க."

இப்படித்தான் அது நடந்தது. முப்பத்தேழரையைத் தொட்டதும் அவள் "அணைங்க" என்பாள். வீட்டில் சுவிட்ச் அடிக்கிற சத்தம் போனில் கேட்கும். சூடு கொஞ்சம் இறங்கினதும் "போடுங்க" என்பாள். தான் உட்கார்ந்து எழுதிய புரோகிராமின் வேலையைத் தானே வாயால் செய்துகொண்டு போனாள். பதினோராம் முள்ளின் வேலையை ஆண்டாயியின் கை செய்தது. நாலைந்து தடவை ஆனதும் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருக்கும்மா காச்சல்?" என்றாள் பக்கத்தில் கீரைக்கட்டோடு இருந்த அம்மா. முப்பத்தேழு முப்பத்தேழரை என்றதைக் கேட்டு அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

"முட்டைக்குங்க."

விஷயத்தைச் சொன்னதும் பஸ் முழுக்கப் பற்றிக்கொண்டது. சொந்தக் கோழி மாதிரி ஆளாளுக்கு யோசனை. பின்சீட்டில் ஒருத்தர் "இப்ப எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கண்டக்டர், "அம்மா, அணைக்கச் சொல்லுங்க, ஏறப்போவுது" என்று டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் நம் சனங்களைப்போல் கூட நிற்க யாராலும் முடியாது. தொல்லையும் அவர்கள்தான், துணையும் அவர்கள்தான்.

முந்திரிக்காடு வந்தது. அந்தக் காட்டு வழியில் டவர் கிடையாது என்பது வெற்றிச்செல்விக்குத் தெரியும், தினமும் போய் வருகிற பாதைதானே. ஆனால் பதற்றத்தில் மறந்துவிட்டாள். "போடுங்க அத்த" என்று சொல்லி முடித்தாள், லைன் அறுந்தது. திரையில் சூடு அப்படியே உறைந்து நின்றது.

கடைசியாகச் சொன்னது 'போடு'. பல்பு எரிகிறது. அணைக்கச் சொல்ல ஆளில்லை.

பஸ்ஸில் எல்லாரும் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் ஒரு கோடுகூட இல்லை. கீரைக்கார அம்மா வெற்றிச்செல்வியின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் தன்னால் ஆனமட்டும் மிதித்தார். வெற்றிச்செல்விக்கு அழுகை முட்டியது. அடப்பாவி, ஒரு கூடையில் தன் தாய்வீட்டை வைத்து என்னிடம் கொடுத்தாளே, நானே அதை வேகவைத்துவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது. எவன் அந்த அட்டையில் கைவைத்தானோ, அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று கருவிக்கொண்டாள்.

காடு முடிந்து டவர் வந்ததும் திரை துள்ளியது. முப்பத்தேழு. வெற்றிச்செல்வி நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். முப்பத்தேழுதான்.

"அத்த! பல்பு எரியுதா?"

"இல்ல. நான் அணைச்சிட்டேன். உன் பேச்சு நின்னுபோச்சு, நானும் நிறுத்திட்டேன். நீ இல்லாதப்ப நெருப்பை எரியவுட்டு யாரு பாத்துக்கறது?"

பஸ்ஸே 'அப்பாடா' என்றது. வெற்றிச்செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தகவல் வராவிட்டால் பல்பை அணைத்துவிடு என்று தன் புரோகிராமில் ஒரு வரி எழுதத் தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

பஸ்ஸிலிருந்து குதித்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். ஆண்டாயி சுவிட்சுக்குக் கீழே, ஒரு கையை அதன் மேல் வைத்தபடியே நின்றிருந்தாள். வெற்றிச்செல்வி நேராக பிரிட்ஜ் தலையைப் பார்த்தாள். பச்சை அட்டைக்குப் பக்கத்தில் ஒரு அடுப்புக்கரித் துண்டு, ஒரு வரமிளகாய். இரண்டு முட்களுக்கு நடுவில், அளந்து வைத்த மாதிரி, ஒரு விரல் நீள இரும்பு ஆணி.

"யாரு வெச்சது இதை?"

குரல் அவளுக்கே கொடூரமாகக் கேட்டது. ஆண்டாயி கொஞ்சமும் தயங்கவில்லை.

"நாந்தான். மத்தியானம் இடி இடிச்சுது பாரு, காது கிழியிற மாதிரி. இடி எறங்குனா அடைமுட்டை கூமுட்டையாப் போயிடும், ஆணியும் கரியும் மொளகாயும் போட்டாத்தான் தாங்கும். கோழி கூடையில இருந்தா கோழிக்கிட்ட போடுவோம். நீ கதவைத் தொறக்கக் கூடாதுன்ட்ட. இதான் கோழின்னு சொன்னல்ல? அதான் இது பக்கத்துல வெச்சேன். நல்லவேளை வெச்சேன், இல்லாட்டி இன்னிக்கு என்ன ஆயிருக்கும்!"

வழியெல்லாம் சேர்த்து வைத்த வசவு அத்தனையும் வீணாய்ப் போயிற்று. இவளை என்னவென்று திட்டுவது? கதவைத் திறக்காதே என்றதைக் கேட்டாள். இதுதான் கோழி என்றதையும் நம்பினாள். தெரியாத ஒரு அட்டையை உயிருள்ள கோழியாக மதித்து, அதற்குச் செய்யவேண்டியதைச் செய்திருக்கிறாள்.

வெற்றிச்செல்வி ஆணியை எடுத்தாள். கட்டளை கொடுத்துப் பார்த்தாள். பதினோராம் முள் எழுந்திருக்கவே இல்லை. எர்த்தோடு மல்லுக்கட்டி உள்ளுக்குள்ளேயே கருகிப்போயிருந்தது. மற்ற முட்கள் பிழைத்திருந்தன. ஒயரைப் பிரித்துப் பதினாறாம் முள்ளில் பற்றவைத்தாள், புரோகிராமில் நம்பரை மாற்றினாள், மஞ்சள் ப்ளக்கை ரிலே டப்பாவுக்குத் திருப்பினாள். டிக். பல்பு தானாக எரிந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்த ஆண்டாயி, கீழே கிடந்த ஆணியைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள்.

"இந்த ஆணியாலயா புள்ள?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு நிமிஷத்து வேலை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வெற்றிச்செல்விக்கு வாய் வரவில்லை.

"ஆமாத்த. ஆனா தப்பு என்னுது. மூடி போடாம வெச்சது நான். இதான் கோழின்னு சொன்னதும் நான்தான். நீங்க கோழிக்குச் செய்யறதைச் செஞ்சீங்க."

ஆண்டாயிக்குக் காதில் பாதிதான் விழுந்தது. "எங்கம்மா வூட்டை நாய் பாதி தின்னுச்சு, மீதிய நான் கொன்னுட்டனா?" என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெற்றிச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "காட்டுக்குள்ள லைன் போனப்ப காப்பாத்துனது யாரு? இந்தக் கைதானே?" என்று கேட்டாள். ஆண்டாயி அழுகையை நிறுத்தவே இல்லை.

அதற்குப் பிறகு ஆண்டாயி பிரிட்ஜ் பக்கம் வரவில்லை. தன் கை பட்டால் ஆகாது என்று யாரிடமோ சொன்னாளாம். குஞ்சு பொரிக்கவேண்டிய நாளன்றைக்கு மட்டும் வந்து, வாசற்படி தாண்டாமல் நின்றாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலம் வரைக்கும் நின்றுவிட்டு, "சரி புள்ள, நீ என்ன செய்வ" என்று சொல்லிவிட்டுப் போனாள். நடையே தளர்ந்திருந்தது. வெற்றிச்செல்வி அன்று சாப்பிடவில்லை. ராஜாகூடக் கேலி செய்யவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆண்டாயி பருத்திக் களைக்குப் போய்விட்டாள். வெற்றிச்செல்வி வேலைக்குக் கிளம்பி, முட்டைகளை எடுத்துக் குழி தோண்டிப் புதைத்துவிட்டே போகலாம் என்று பிரிட்ஜ் கைப்பிடியில் கைவைத்தாள். அப்போதுதான் கேட்டது. முதலில் காத்தாடிச் சத்தம் என்று நினைத்தாள். காதைக் கதவில் ஒட்டவைத்தாள். கீச். கொஞ்சம் விட்டு இன்னொரு கீச், வேறு குரலில்.

குளிரில் கிடந்த முட்டை ஒரு நாள் தாமதித்துத்தான் பொரிக்கும் என்று எப்போதோ படித்தது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கண்ணாடித் துவாரம் வழியாகப் பார்த்தாள். ஈரமாக, தலையைத் தூக்க முடியாமல், முதுகில் புள்ளி புள்ளியாக ஒன்று ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. இரண்டு மூன்று முட்டையில் விரிசல் விழுந்திருந்தது. எத்தனை பிழைக்கும் என்று தெரியாது. பிழைக்கிறவை உள்ளே இருந்து ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தன.

ஆண்டாயிக்குப் போன் போட்டாள். அவள் எடுத்ததும் போனைக் கதவுமேல் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து கீச் கீச் என்று போய்க்கொண்டே இருந்தது.

"அத்த? கேக்குதா?"

விசும்பல் கேட்டது. பிறகு களையெடுக்கிற பொம்பளைகளில் யாரோ ஒருத்தி, "யாருடி போன்ல? ஏன் இப்புடி அழுவுற?" என்று தூரத்தில் கேட்டாள்.

"எங்கம்மா வூட்லேருந்துடி," என்றாள் ஆண்டாயி.